முதலில் எழுந்திருப்பது யார்? டைம் சர்வருக்கு விஎம்மா, தனிப் பெட்டியா

கேள்வி: எங்கள் அலுவலகத்தில் சுமார் 600 கணினிகள், மூன்று விர்ச்சுவலைசேஷன் ஹோஸ்ட்கள் (விஎம் எனும் மெய்நிகர் கணினிகள் பலவற்றை ஓட்டும் சர்வர்கள்), இரண்டு டொமைன் கன்ட்ரோலர்கள் (எல்லோருடைய லாகினையும் சரிபார்க்கும் சர்வர்கள்) இருக்கின்றன. மற்ற கணினிகளுக்கு நேரம் சொல்லும் டைம் சர்வராக ஓடும் இரண்டு பழைய பெட்டிகளையும் கழற்றிவிடச் சொல்லியிருக்கிறார்கள். "ரெண்டு விஎம் போட்டா முடிஞ்சுது" என்கிறார் மேலாளர். "விஎம்முக்குள்ள கடிகாரம் ஒழுங்கா ஓடாது, ஜிபிஎஸ் பெட்டி வாங்கித்தான் ஆகணும்" என்கிறார் எங்கள் சீனியர். யார் சொல்வதைக் கேட்பது? தனிப் பெட்டிதான் என்றால் எப்படிப்பட்டதை எடுப்பது?

பதில்: உங்கள் சீனியர் சொல்வது ஒரு காலத்தில் வேதவாக்கு. மேலாளர் சொல்வது இன்றைக்கு முக்கால்வாசி சரி. ஆனால் இருவருமே துல்லியத்தை வைத்துத்தான் மல்லுக்கட்டுகிறார்கள். உங்களுக்கு இடிக்கப்போவது அந்த இடத்தில் இல்லை. மொத்த சர்வர் அறையும் ஒருமுறை அணைந்து மறுபடி உயிர்பெறும்போது எது எதை நம்பி எழுந்திருக்கிறது என்பதில்தான் சங்கதியே இருக்கிறது. அதற்கு வருமுன் துல்லியக் கணக்கை முடித்துவிடலாம்.

டொமைன் லாகினுக்கு அடியில் ஓடும் கெர்பரோஸ், அமைப்பை யாரும் மாற்றாதவரை, 5 நிமிட வித்தியாசம் வரை பொறுத்துக்கொள்ளும். செல்பேசியில் வரும் ஆறு இலக்க ஓடிபி பெரும்பாலும் 30 விநாடிக்கு ஒருமுறை மாறும். அங்கே சில விநாடிகள் பிசகினால் ஒன்றும் ஆகாது. செஃப் மாதிரி ஸ்டோரேஜ் கிளஸ்டர் வைத்திருந்தால் அதன் மானிட்டர் என்ற கண்காணிப்பு நிரல்கள் கொஞ்சம் கறார்: தங்களுக்குள் 50 மில்லி விநாடி தாண்டினால் எச்சரிக்கை போடும். நாலு சர்வரின் லாகை அடுத்தடுத்து வைத்து எது முந்தி, எது பிந்தி என்று பார்ப்பதற்கு ஓரிரு மில்லி விநாடி போதும். ஒழுங்காக அமைத்த விஎம் இத்தனையையும் தரும். மைக்ரோ விநாடி கேட்கும் வேலை என்றால் அது பிடிபி என்ற, இன்னும் நுட்பமான நேர நெறிமுறையின் வேறு உலகம். உங்கள் கடிதத்தில் அதற்கான அறிகுறி எதுவும் இல்லை.

சுமையைப் பற்றியும் யாராவது பயமுறுத்துவார்கள். கணினிகள் நேரம் கேட்கும் நெறிமுறையான என்டிபியில் ஒரு பாக்கெட்டின் உள்ளடக்கம் 48 பைட். யுடிபி, ஐபி தலைப்புகளைச் சேர்த்தால் 76. உங்கள் 600 கணினிகளும் 64 விநாடிக்கு ஒருமுறை கேட்டாலும் ஒரு சர்வருக்கு விநாடிக்கு ஒன்பது பாக்கெட்தான் வரும். கடிகாரம் நிலைப்பட்டதும் பல கிளையன்ட்கள் தாங்களாகவே 1024 விநாடிக்கு ஒருமுறை என்று கேட்பதைக் குறைத்துக்கொள்ளும். இதற்குப் பதினாறு கோர் சர்வர் வாங்குவது ஈ அடிக்கப் பீரங்கி வாங்குகிற கதை. ஒரு கோர், 1 ஜிபி நினைவகம், அவ்வளவுதான்.

சீனியரின் பயம் எங்கிருந்து வந்தது என்று சொல்கிறேன். பழைய இயக்கமுறைமைகள் நேரத்தை எண்ணித்தான் வைத்துக்கொள்ளும்: விநாடிக்கு 100 அல்லது 1000 முறை டைமர் தட்டும், தட்டியதை எண்ணினால் நேரம். விஎம்முக்கு சிபியு கிடைக்காத நேரத்தில் தட்டியவை கணக்கில் விட்டுப்போகும், கடிகாரம் பின்தங்கும். அந்த நாளில் விஎம்மில் டைம் சர்வர் வேண்டாம் என்றவர்கள் சூடுபட்டுத்தான் சொன்னார்கள். இன்றைய சிபியுவில் மாறா வேகத்தில் ஓடும் கவுண்டர் இருக்கிறது. கேவிஎம், ஹைப்பர்-வி போன்ற ஹைப்பர்வைசர்கள், அதாவது விஎம்களை ஓட்டும் மென்பொருள்கள், அதைப் படித்து நேரமாக மாற்றும் கணக்கை விஎம்முக்கே கொடுத்துவிடுகின்றன. எண்ணி வைக்கிற வேலை போய்விட்டதால் விட்டுப்போவதும் பெரும்பாலும் போய்விட்டது.

போகாத சிக்கல் ஒன்று உண்டு. கிளையன்ட் கேள்வி அனுப்பிய நேரம், சர்வருக்கு அது வந்த நேரம், சர்வர் பதில் அனுப்பிய நேரம், பதில் கிளையன்டுக்கு வந்த நேரம் என்று நான்கு முத்திரைகளை வைத்துத்தான் என்டிபி கணக்குப் போடுகிறது. போக ஆன நேரமும் வர ஆன நேரமும் சமம் என்பது அதன் அடிப்படை அனுமானம். பாக்கெட் வந்து சேர்ந்த அந்த நொடியில் ஹோஸ்ட் உங்கள் விஎம்மை 8 மில்லி விநாடி ஓரமாக உட்காரவைத்துவிட்டு வேறொரு விஎம்மை ஓட்டியது என்று வையுங்கள். வந்த நேரம் 8 மில்லி விநாடி தாமதமாகப் பதிவாகும். போகிற வழி மட்டும் நீண்டுவிட்டதைக் கிளையன்ட் அறியாது. பழியை இரண்டு வழிக்கும் பாதிப் பாதியாகப் பங்கிட்டு, தன் கடிகாரம் 4 மில்லி விநாடி பின்தங்கியிருப்பதாக முடிவுகட்டும். ஆனால் அதே கணக்கில் மொத்தப் பயண நேரமும் 8 மில்லி விநாடி கூடித் தெரியும். என்டிபிக்கான மென்பொருள்களில் ஒன்றான என்டிபிடி கடைசி எட்டு மாதிரிகளில் பயண நேரம் குறைந்ததைத் தேர்ந்தெடுக்கும். இன்னொன்றான க்ரோனியும் தாமதம் கூடிய மாதிரிக்கு மதிப்பைக் குறைத்துக்கொள்ளும். ஆகவே எப்போதாவது நடந்தால் யாரும் கவனிக்கக்கூட மாட்டார்கள். ஹோஸ்டில் சிபியுவை அளவுக்கு மீறிப் பங்குபோட்டு எட்டு மாதிரியும் கெட்டுப்போனால்தான் ஆட்டம் தெரியும். விஎம்மில் விஎம்ஸ்டாட் என்ற கட்டளையை ஓட்டினால் வலது ஓரத்தில் 'எஸ்டி' என்றொரு பத்தி வரும். பறிபோன சிபியு நேரம் அது. வேலை மும்முரமாக இருக்கும் வேளையிலும் அங்கே பூஜ்யம் நின்றால் அந்த ஹோஸ்ட் பரவாயில்லை.

இதைவிடத் தொல்லை ஸ்னாப்ஷாட், அதாவது விஎம் அந்தக் கணத்தில் இருக்கும் நிலையை அப்படியே பிடித்துவைப்பது. ஓர் இடத்தில் டைம் சர்வர் விஎம்மின் நேரப் பிசகு வரைபடத்தை ஒரு மாதத்துக்கு விரித்துப் பார்த்தோம். நாள் முழுக்கத் தட்டையான கோடு, நள்ளிரவு தாண்டி 1:30க்கு ஒரு முள். மறுநாளும் 1:30க்கு. ஞாயிறு மட்டும் இல்லை. பேக்கப் மென்பொருள் ஞாயிற்றுக்கிழமை ஓடாது என்பது யாருக்கோ ஞாபகம் வந்ததும் விஷயம் முடிந்தது. ஸ்னாப்ஷாட் எடுக்க விஎம்மைச் சற்று நேரம் உறையவைப்பார்கள். தான் தூங்கியது விஎம்முக்கே தெரியாது. ஓடும்போதே வேறு ஹோஸ்டுக்கு நகர்த்தினாலும் இதே கதைதான். டைம் சர்வர் விஎம்மை பேக்கப் பட்டியலிலிருந்தும் தானியங்கி இடமாற்றத்திலிருந்தும் எடுத்துவிடுங்கள். அதில் காப்பாற்றவேண்டியது முப்பது வரி கான்ஃபிக் கோப்பு மட்டுமே. அதை வேறெங்காவது நகல் வைத்தால் போதும்.

இன்னொன்று, ஒரே உறையில் இரண்டு கத்தி. ஹைப்பர்வைசரின் கருவி அவ்வப்போது ஹோஸ்ட் நேரத்தை விஎம்முக்குள் திணிக்கும், உள்ளே என்டிபியும் திருத்திக்கொண்டிருக்கும். ஒன்று இழுக்க மற்றது தள்ளும். டைம் சர்வர் விஎம்களிலும், வெளி நேரத்தை வாங்கி டொமைனுக்குக் கொடுக்கும் பிடிசி எமுலேட்டர் கன்ட்ரோலரிலும் அந்தக் கருவியின் நேர ஒத்திசைவை நிறுத்திவிடுங்கள். வழக்கமான ஒத்திசைவை நிறுத்தினாலும் ஸ்னாப்ஷாட், மறுதொடக்கம் போன்ற சமயங்களில் மட்டும் நேரத்தைத் திணிக்கும் தனி அமைப்புகள் சில ஹைப்பர்வைசர்களில் இருக்கும்; அவற்றையும் தேடிப் பாருங்கள். கன்டெய்னரில் போடலாமா என்று அடுத்து யாராவது கேட்பார்கள். ஹோஸ்டின் இயக்கமுறைமையையே பங்கிட்டு ஓடும் கன்டெய்னருக்குத் தனிக் கடிகாரமே கிடையாது, ஹோஸ்டின் கடிகாரம்தான். பதில் சொல்லும் வேலையை மட்டும் அதற்குக் கொடுக்கலாம்.

இப்போது முக்கியமான இடம். சில வருடங்களுக்கு முன் மின் பலகை வேலைக்காக ஒரு நிறுவனத்தில் சனிக்கிழமை மொத்த சர்வர் அறையையும் அணைத்தார்கள். நான்கு டைம் சர்வர்கள், நான்கும் விஎம். காகிதத்தில் பார்க்க அழகான அமைப்பு. ஞாயிறு காலை ஹோஸ்ட்களை ஏற்றியபோது ஒன்றின் மதர்போர்டு பேட்டரி செத்திருந்தது. பல வருடங்களுக்கு முந்தைய ஏதோ ஒரு ஜனவரி முதல் தேதியோடு எழுந்தது. ஹோஸ்ட் நேரத்தை விஎம்மிடம் கேட்கவேண்டும், விஎம்மோ எழும்போது ஹோஸ்டின் நேரத்தை வாங்கிக்கொண்டு எழுகிறது. சரி, விஎம் வெளியே இணையத்தில் கேட்டுத் திருத்திக்கொள்ளாதா? வெளி சர்வரின் பெயரை டிஎன்எஸ் கண்டுபிடித்துத் தரவேண்டும். டிஎன்எஸ்ஸும் அதே ஹோஸ்டில் ஒரு விஎம், பதில்களின் டிஜிட்டல் கையெழுத்தைப் பார்க்கும் டிஎன்எஸ்செக் சரிபார்ப்போடு. அதன் கணக்கில் உலகத்துக் கையெழுத்துகள் எல்லாம் இன்னும் செல்லுபடியாகத் தொடங்கவேயில்லை. எந்தப் பெயருக்கும் பதில் இல்லை. டொமைன் லாகினும் ஆகவில்லை. ஹோஸ்டைச் சரிசெய்யும் மேலாண்மைத் திரைக்கும் டொமைன் லாகின்தான். ஒருவழியாக வேறு டிஎன்எஸ்ஸைக் காட்டிப் பெயர் கிடைக்கவைத்தபோது, வித்தியாசம் 1000 விநாடிக்கு மேல் என்று பார்த்த என்டிபிடி "இது நான் தொடுகிற விஷயமில்லை" என்று தன்னை நிறுத்திக்கொண்டது. அதன் இயல்பான நடத்தையே அதுதான். தொடங்கும்போது ஒருமுறை மட்டும் பெரிய தாவலை அனுமதிக்கும் விருப்பத்தை யாரும் போட்டுவைக்கவில்லை. கடைசியில் ஒருவர் கைக்கடிகாரத்தைப் பார்த்து "முப்பத்தெட்டு, முப்பத்தொன்பது, இப்போ!" என்று கத்த, நான் பயாஸ் திரையில் என்டர் தட்டினேன். நானோ விநாடி பேசுகிற தொழிலில் அன்று எங்களுக்குக் கிடைத்த துல்லியம் அது.

அந்த நான்கு விஎம்மும் முந்தைய வெள்ளிக்கிழமை வரை மில்லி விநாடிக்குள் நேரம் சொல்லிக்கொண்டிருந்தவைதான். அதனால்தான் சொல்கிறேன், ஹோஸ்ட், ஸ்டோரேஜ், டிஎன்எஸ், டொமைன் ஆகிய நான்கும் இல்லாமல் தானே எழுந்து நேரம் சொல்லக்கூடிய பெட்டி உங்களிடம் குறைந்தது இரண்டு வேண்டும். மேலும் இரண்டை விஎம்மாக வெவ்வேறு ஹோஸ்டில், ஒரே ஹோஸ்டுக்குப் போகாதபடி விதி போட்டு வையுங்கள். விர்ச்சுவலைசேஷன் ஹோஸ்ட்கள் நேரத்தை அந்த இரண்டு பெட்டிகளிடம் மட்டும், பெயரால் அல்லாமல் ஐபி முகவரியால் கேட்கட்டும்.

ஏன் நான்கு? இரண்டு இருந்து இரண்டும் வேறு வேறு நேரம் சொன்னால் கிளையன்டுக்கு எதை நம்புவதென்று தெரியாது. ஒன்று இருப்பதைவிட அது மோசம். மூன்று இருந்தால் பொய் சொல்லும் ஒன்றை மற்ற இரண்டும் காட்டிக்கொடுக்கும். பராமரிப்புக்காக ஒன்றை அணைத்தாலும் மூன்று மிஞ்ச நான்கு வேண்டும். 2019-இல் வந்த ஆர்எஃப்சி 8633 என்ற இணைய நெறி ஆவணம் சொல்வதும் குறைந்தது நான்கு மூலங்கள் என்பதைத்தான். ஆனால் நான்கும் ஒரே வெளி சர்வரிடம் கேட்டால் அது நான்கல்ல, நான்கு வாய் உள்ள ஒன்று. மேலே இருப்பவர்கள் பொய் சொல்ல மாட்டார்கள் என்று நினைக்காதீர்கள். 2012 நவம்பர் 19 அன்று அமெரிக்கக் கடற்படை வானாய்வகத்தின் புகழ்பெற்ற டைம் சர்வர்களே சிறிது நேரம் 2000-ஆம் ஆண்டைச் சொல்லின. அவற்றை மட்டும் நம்பியிருந்த டொமைன்கள் தடுமாறின. மூன்று நான்கு பேரிடம் விசாரித்துக்கொண்டிருந்தவர்களுக்கு ஒன்றும் ஆகவில்லை. வெளி மூலங்களைத் தேர்ந்தெடுக்கும்போது பூமியின் சுழற்சியோடு ஒத்துப்போக எப்போதாவது கூட்டும் லீப் விநாடியை நாள் முழுக்கக் கொஞ்சம் கொஞ்சமாகத் தடவிக் கொடுப்பவர்களையும் அப்படியே கொடுப்பவர்களையும் கலக்காதீர்கள். கடைசி லீப் விநாடி 2016 டிசம்பர் 31-இல் வந்தது. 2035-க்குள் இந்த வழக்கத்துக்கு முடிவுகட்டுவதாகத் தீர்மானமும் ஆகிவிட்டது. ஆனாலும் அதற்குள் ஒன்று வந்தால் கலப்படக்காரர்கள் அரை விநாடி வரை பிசகி நிற்பார்கள்.

பெட்டி எப்படிப்பட்டது? என் ருசி: விசிறி இல்லாத சின்ன எக்ஸ்86 பெட்டி, கேபிள் வழி நெட்வொர்க், சாதாரண எஸ்எஸ்டி. கவர்ச்சியே இல்லாததாக இருந்தால் நல்லது. உள்ளே இருக்கும் குவார்ட்ஸ் படிகம் மலிவானதாக இருந்தாலும் பரவாயில்லை. பத்து லட்சத்தில் ஒரு பங்கு, அதாவது 1 பிபிஎம் பிசகினால் ஒரு நாளைக்கு 86.4 மில்லி விநாடி. சாதாரணப் படிகங்கள் சில பத்து பிபிஎம் வரை பிசகும். பிசகு மாறாமல் இருந்தால் என்டிபி அதைக் கற்றுக்கொண்டு கழித்துவிடும். மாறிக்கொண்டே இருப்பதுதான் தலைவலி, மாற்றுவது வெப்பம். ஆகையால் ஏசி காற்று விட்டுவிட்டு நேரே அடிக்கும் இடத்தில் வைக்காதீர்கள். "சும்மாதானே இருக்கு, பேக்கப்பையும் இதுலயே ஓட்டிக்கலாம்" என்று யாராவது வந்தால் விடாதீர்கள். சிபியு சூடேறி ஆறும் ஒவ்வொரு முறையும் படிகமும் கூடவே ஆடும். சும்மா இருப்பதுதான் அந்தப் பெட்டியின் உத்தியோகம். நெட்வொர்க் கார்டிலேயே நேர முத்திரை குத்தும் வசதி, இன்டெல் ஐ210-இல் இருப்பதுபோல, இருந்தால் எடுத்துக்கொள்ளுங்கள். அதற்காகத் தேடி அலையவேண்டியதில்லை.

ராஸ்பெரி பை போன்ற ஒற்றைப் பலகைக் கணினியைப் பலர் பரிந்துரைப்பார்கள். நானும் வீட்டில் வைத்திருக்கிறேன். ஆனால் மூன்றாம் தலைமுறை வரை அதன் ஈதர்நெட் யுஎஸ்பி வழியாகத்தான் போகும், அதில் ஆட்டம் கூடும். நான்காம் தலைமுறை வரை பேட்டரிக் கடிகாரமே கிடையாது. மின்சாரம் போனால் நேரமும் போச்சு. நாம் எதற்காகத் தனிப் பெட்டி வைக்கிறோமோ அதே இடத்தில் அது கையை விரிக்கும். ஐந்தாம் தலைமுறையில் கடிகாரம் உண்டு, பேட்டரியைத் தனியாக வாங்கிச் செருகவேண்டும். ராஸ்பெரி பையைத்தான் வைப்பேன் என்றால் கடிகாரமும் பேட்டரியும் இருப்பதை உறுதிசெய்துகொள்ளுங்கள். லாகை மெமரி கார்டில் எழுதாமல் நினைவகத்தில் வைத்துக்கொள்ளச் சொல்லுங்கள். கோர் சுவிட்சையே டைம் சர்வராக்கும் பழக்கமும் உண்டு. என்டிபிக்குப் பதில் சொல்வது அதன் கட்டுப்பாட்டு சிபியு, அதற்கு ஆயிரம் வேலை. அவசரத்துக்கு ஐந்தாவதாக இருக்கட்டும்.

செயற்கைக்கோளிலிருந்து நேரம் வாங்கும் ஜிபிஎஸ் விஷயத்தில் சீனியர் பக்கம் ஒரு நியாயம் இருக்கிறது: இணையமே இல்லாத மூடிய நெட்வொர்க் என்றால் அது கட்டாயம். உங்களுக்கு இணையம் இருக்கிறது; ஒரு நாள் துண்டித்தாலும் ஏற்கெனவே தன் பிசகைக் கற்ற கடிகாரம் கெர்பரோஸின் 5 நிமிடத்தைத் தொட மாதக்கணக்கு அல்ல, வருடக்கணக்கு ஆகும். ஆகவே வாங்கினால் நல்லது, வாங்காவிட்டால் குறை இல்லை. வாங்குவதாக இருந்தால் பிபிஎஸ் என்ற விநாடித் துடிப்பு வெளிவரும் கருவியாக வாங்குங்கள். யுஎஸ்பியில் செருகும் சாதாரண ரிசீவர் நேரத்தை எழுத்தாகத்தான் அனுப்பும். அது வந்துசேரும் தருணம் பத்துக்கணக்கான மில்லி விநாடி முன்பின்னாகும். பக்கத்து இணைய சர்வரே அதைவிட மேல். ஆன்டெனாவுக்குத் திறந்த வானம் தெரியவேண்டும். கேபிள் நீளத்தால் மீட்டருக்குச் சுமார் 5 நானோ விநாடி தாமதம் வருகிறதே என்று கவலைப்படாதீர்கள். இடிதாங்கியை மட்டும் மறக்காதீர்கள்.

விற்பவரிடம் கேட்கவேண்டிய கேள்வி ஒன்று உண்டு. ஜிபிஎஸ் தன் பழைய சமிக்ஞையில் வாரத்தை 10 பிட்டில் எண்ணுகிறது. 1024 வாரத்துக்கு ஒருமுறை பூஜ்யத்துக்குத் திரும்பும். 1999 ஆகஸ்டில் திரும்பியது, 2019 ஏப்ரலில் திரும்பியது, அடுத்து 2038 நவம்பரில். ஃபர்ம்வேர், அதாவது உள்ளே பதித்த மென்பொருள், சரியில்லாத பெட்டி அந்த நாளிலோ, அதன் தயாரிப்பாளர் எண்ணத் தொடங்கிய வேறொரு நாளிலோ, சட்டென்று 19 வருடம் பின்னால் குதிக்கும். 2021 அக்டோபரில் பரவலாகப் புழங்கும் ஜிபிஎஸ்டி மென்பொருளின் சில பதிப்புகளே ஒரு பிழையால் 2002-க்குத் தாவ இருந்தன. என்டிபியின் சொந்த விநாடி எண்ணிக்கையும் 2036 பிப்ரவரி 7-இல் சுற்றி வருகிறது. இன்று வாங்குவது அதுவரை அலமாரியில் கிடக்காது என்று சொல்ல முடியுமா? எத்தனை வருடம் ஃபர்ம்வேர் தருவீர்கள் என்று எழுத்தில் வாங்குங்கள்.

மேலாளரைச் சமாதானப்படுத்த என் வார்த்தையை எடுத்துப்போக வேண்டாம், எண்ணைக் காட்டுங்கள். பழைய பெட்டிகளைக் கழற்றுவதற்கு முன் இரண்டு விஎம்மையும் ஒரு புதுப் பெட்டியையும் பக்கத்தில் ஒரு வாரம் ஓடவிடுங்கள். க்ரோனியின் டிராக்கிங், சோர்ஸ்ஸ்டாட்ஸ் என்ற இரண்டு கட்டளைகளின் வெளியீட்டையும் ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை கோப்பில் சேர்த்து, வாரக் கடைசியில் வரைபடமாக்குங்கள். விஎம் கோடு மில்லி விநாடிக்குள் நின்றால் மேலாளர் அந்த அளவில் ஜெயித்தார். பிறகு ஒரு விடுமுறை நாளில் அனுமதி வாங்கி எல்லாவற்றையும் அணைத்து ஏற்றிப் பாருங்கள். முதலில் இரண்டு பெட்டிகள், அவை ஒத்திசைந்த பிறகு ஹோஸ்ட்கள், அதன் பிறகு டொமைன் கன்ட்ரோலர்கள். அந்த வரிசையைக் காகிதத்தில் அச்சிட்டு ராக்கின் கதவில் ஒட்டுங்கள். அது தேவைப்படும் நாளில் கோப்பு சர்வர் திறக்காது.

அணைத்த கையோடு மூன்று ஹோஸ்ட்களின் மதர்போர்டு பேட்டரியையும் மாற்றிவிடுங்கள். நாணயம் அளவு சிஆர்2032 பேட்டரிதான் பெரும்பாலும். மாற்றிய தேதியை மூடியின் உட்புறம் ஒரு சீட்டில் எழுதி ஒட்டுங்கள்.